பாட்டிக்குப் பல் கட்டிவிட்டீர்கள்!

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு காலமான என் அப்பத்தாவை ஏ3 தாளில் பென்சிலால் வரைந்தேன். மூன்று வார உழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடன் வரையும் நண்பர்களிடம் காட்டினேன். ஒருவர் ‘கண் பெரிது’ என்றார். இன்னொருவர் ‘மூக்கு பருத்துவிட்டது’ என்றார். பேனர் வரையும் அண்ணன் ஒருவர் ‘தாடை நீளம்’ என்றார். அம்மாவோ, “நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய், ஆனால் இது அத்தை இல்லை” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார். யார் பேச்சைக் கேட்பது? படத்தையும் மூலப் புகைப்படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நால்வர் சொன்னதும் சரிதான் அம்மா. ஆனால் அவர்கள் சொன்னபடி கண்ணைச் சுருக்கி, மூக்கை இளைக்க வைத்து, தாடையை வெட்டினால் புதிதாக வேறொரு பாட்டி வந்து உட்காருவார்.

நீங்கள் அனுப்பிய இரண்டையும் ஒரே அளவுக்குப் பிரதி எடுத்தேன். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை இரண்டிலும் 20 செ.மீ. பிறகு ஸ்கேலை எடுத்தேன். புகைப்படத்தில் உச்சியிலிருந்து கண் 10.6 செ.மீ. கீழே இருக்கிறது. உங்கள் படத்தில் 9.5. மூக்கின் அடியிலிருந்து முகவாய் வரை புகைப்படத்தில் 4.8, உங்கள் படத்தில் 5.9. மேலே திருடிய 1.1 செ.மீ.யைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறீர்கள். கண்ணின் அகலம் இரண்டிலும் ஒன்றே, 2.8. ஆக, கண் பெரிதாகவில்லை. நெற்றி குறுகியதால் பெரிதாகத் தெரிகிறது. கண்ணைக் குறை சொன்னவரும் தாடையைக் குறை சொன்னவரும் ஒரே பிழையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இது எப்படி வந்தது? முகத்தை மூன்று சம பங்காக்கு என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து முகவாய். நல்ல விதிதான், வாயில் பல் இருப்பவர்களுக்கு! பல் விழுந்த பின் இரண்டு தாடையும் நெருங்கிவிடும். முகவாய் மேலேறி முன்னால் நீளும். உதடுகள் உள்ளே மடிந்து, சுருக்குப் பையின் வாய் மாதிரி கோடு கோடாகச் சுருங்கும். புகைப்படத்தில் உங்கள் அப்பத்தா அப்படித்தான் இருக்கிறார். விதியை நம்பி அவருக்கு நீங்கள் பல் கட்டிவிட்டீர்கள். அம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போனதில் என்ன வியப்பு?

மூக்கு விஷயம் வேறு. அதில் குற்றவாளி நீங்கள் இல்லை, செல்போன். பேரப்பிள்ளைகள் யாரோ ஒன்றரை அடி தூரத்தில் நீட்டி எடுத்த படம் அது. அவ்வளவு பக்கத்தில் எடுத்தால் கேமராவுக்கு அருகில் இருக்கும் மூக்கு பெருக்கும், காதுகள் சிறுத்துப் பின்னால் ஓடும். நீங்கள் அதை அப்படியே நேர்மையாக வரைந்துவிட்டீர்கள். கல்யாண ஆல்பத்தில் ஐந்தாறு அடி தள்ளி எடுத்த படம் ஒன்று கிடைக்காமலா போகும்? அதில் மூக்குத் துவாரங்களின் வெளி அகலத்தை, இரு கண்களின் உள்மூலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த விகிதத்தை மட்டும் இங்கே கொண்டுவாருங்கள். முகபாவம் இந்தப் படத்திலிருந்தே வரட்டும். அந்தப் பாதிச் சிரிப்பு ஆல்பத்தில் கிடைக்காது.

நான் தொழில் கற்றது தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், போர்டு எழுதும் கடையில். ஃபிளெக்ஸ் வராத காலம். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பெரியவர் படம் கேட்டிருந்தார்கள். கொடுத்தது ஸ்டாம்ப் அளவு போட்டோ. கட்டம் போட்டுப் பெரிதாக்கி, ராத்திரி பகலாக வரைந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, “இடது காது இறங்கியிருக்கிறது” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, கட்டத்தை எண்ணிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் பக்கத்து முடிதிருத்தும் கடைக்குப் போய், ஆணியிலிருந்து கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். பாதி சவரத்தில் ஒருவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் என் படத்தைப் பார்த்தேன். காது மட்டுமா? கண், வாய், மீசை எல்லாமே அச்சு முறிந்த மாட்டுவண்டி போல ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. ஒரே பக்கமாகப் பார்த்துப் பழகிய கண் அந்தச் சாய்வை மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறது. திருப்பிப் பார்த்ததும் பிடிபட்டது. கண்ணாடிதான் ஓவியனுக்கு ஆசான் என்று லியனார்டோ டாவின்சி ஐநூறு ஆண்டுகளுக்கு முன்பே குறிப்பெழுதி வைத்திருக்கிறார். எங்கள் மேஸ்திரிக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது பக்கத்துக் கடை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். குறை சொல்பவர் விரல் வைக்கும் இடத்தை அப்படியே எடுத்துக்கொள்வேன். அவர் சொல்லும் மருந்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். காது இறங்கியிருக்கிறது என்றால், காதைத் தொடுவதற்கு முன் தலையின் நடுக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இன்னொன்று. மூன்று வாரம் கழித்துக் காட்டியதுதான் உங்கள் பெரிய தவறு. நிழலெல்லாம் ஏற்றி, மூக்குத்தியில் ஒளிப்புள்ளி வரை வைத்த பிறகு யாருக்கு அழிக்க மனம் வரும்? வெறும் கோடாக இருக்கும்போதே, முதல் நாளிலேயே காட்டுங்கள். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்காதீர்கள். ‘நன்றாக இருக்கிறது’ என்பதைத் தவிர அதற்கு மரியாதையான பதில் கிடையாது. வரைகிறவர்களிடம் ‘எந்த இடத்தில் உங்கள் பார்வை தடுக்கி நிற்கிறது?’ என்று கேளுங்கள். அம்மாவிடம் ‘இது அத்தையா?’ என்று மட்டும் கேளுங்கள். ஆள் தெரிந்தவருக்குப் பிழை இருப்பது தெரியும், எங்கே என்று சொல்லத் தெரியாது. வரையத் தெரிந்தவர் இடத்தைக் காட்டுவார், ஆனால் அவருக்கு உங்கள் அப்பத்தாவைத் தெரியாது.

கேள்வி: கருத்துக் கேட்டால் என் நண்பர் பென்சிலைப் பிடுங்கி என் தாளிலேயே திருத்துகிறார். அவர் என்னைவிட நன்றாக வரைபவர் என்பதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.
– வாசகர், பாலக்கோடு

பதில்: பென்சிலைக் கொடுங்கள், தாளைக் கொடுக்காதீர்கள். படத்தின் மேல் ஒரு டிரேசிங் தாளை ஒட்டிவிட்டு ‘இதில் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். அவர் கோடு மேலே, உங்கள் கோடு அடியில். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். திருத்துவதா வேண்டாமா என்பதை வீட்டுக்குப் போய் முடிவு செய்யலாம். அதன்பிறகும் தாளில் கை வைத்தால், அவர் படம் ஒன்றில் நீங்களும் ஒரு மீசை திருத்திப் பாருங்கள்.

கேள்வி: உருவப்படத்தில் சாயல் அவ்வளவு முக்கியமா? உணர்வு வந்தால் போதாதா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போய், மாண்ட வீரர்களுக்காக நட்ட நடுகற்களைப் பாருங்கள். கையில் வில்லோ வாளோ இருக்கும், உடம்பில் அம்பு தைத்திருக்கும். முகத்தில் ஆள் சாயலைத் தேடினால் கிடைக்காது. ஆனால் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்தத் தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு மாண்டான் என்று வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அடையாளத்தை எழுத்து சுமந்துகொண்டது. கல் தச்சனுக்கு வீரம் மட்டும் போதுமாக இருந்தது. நீங்களும் படத்துக்குக் கீழே பெயர் எழுதுவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி: என் படத்தில் கறுப்பு கறுப்பாகவே இல்லை, சாம்பலாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 8பி பென்சிலால் அழுத்தித்தான் தீட்டுகிறேன்.
– வாசகி, ஓசூர்

பதில்: அழுத்துவதுதான் கெடுக்கிறது. பென்சில் கரி என்பது கிராஃபைட். அழுத்த அழுத்தத் தாளின் சொரசொரப்பு நசுங்கி, கண்ணாடி மாதிரி வழவழப்பாகி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேரில் பார்த்தால் மினுக்கும், போனில் எடுத்து அனுப்பினால் வெளுக்கும். நண்பர்கள் போனில் பார்த்துச் சொன்னார்களா, நேரில் பார்த்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் விழும்படி, பல்ப் இல்லாமல் எடுத்து மறுபடி அனுப்பிப் பாருங்கள். அப்போதும் சாம்பலாகத் தெரிந்தால், கூந்தலுக்கும் கண்மணிக்கும் மட்டும், மினுக்காத மரக்கரியான சார்கோல் பென்சிலை வையுங்கள். கிராஃபைட் ஏறிய இடத்தில் சார்கோல் வழுக்கும். எனவே அந்த இடங்களைத் தொடக்கத்திலிருந்தே காலியாக விட்டு வையுங்கள்.