உயர்த்திய ஜீப்புக்கு எந்த ஆக்சில் ரேஷியோ?

கேள்வி: என்னிடம் இருப்பது 2014ஆம் ஆண்டின் நான்கு கதவு ஜீப் ராங்க்லர் ஸ்போர்ட். 3.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், ஆக்சில் ரேஷியோ 3.21. சென்ற ஆண்டு வண்டியை இரண்டரை அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் பொருத்தி, பழைய 225/75 ஆர் 16 டயர்களைக் கழற்றிவிட்டு 35 அங்குல டயர்களைப் போட்டேன். அன்றிலிருந்து நெடுஞ்சாலையில் வண்டி இழுக்க மறுக்கிறது. சிறு மேட்டுக்கும் கியரை மாற்றி மாற்றிப் போடுகிறது. ஆக்சில் கியரை மாற்றச் சொல்கிறார்கள். ஒருவர் 4.10 போதும் என்கிறார், இன்னொருவர் 4.56 என்கிறார், மற்றொருவர் 5.13க்குக் குறைந்து எதுவும் பயனில்லை என்கிறார். வார நாட்களில் அலுவலகத்துக்கும், விடுமுறைகளில் பிக் பெண்ட் பக்கத்துக் கரடுமுரடான பாதைகளுக்கும் இதே வண்டிதான். எண் கூடினால் பெட்ரோல் செலவு கையைக் கடிக்குமோ என்றும் தயக்கமாக இருக்கிறது.
– வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: 4.56 போடுங்கள். மற்ற எண்களும் முட்டாள்தனமானவை அல்ல. ஆனால் நீங்கள் சொன்ன வண்டிக்கும் நீங்கள் சொன்ன பயணங்களுக்கும் அதுவே பொருந்துகிறது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனெனில் இந்த விஷயத்தில் அனுபவசாலிகளின் அபிப்பிராயங்கள் பெரும்பாலும் அவரவர் வண்டியைப் பற்றியவை.

ஆக்சில் ரேஷியோ என்பது, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டிப் பக்கமிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டு) எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் எண். ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலில் 41 பல்லும், அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 9 பல்லும் இருந்தால் அது 4.56, பினியனில் 10 பல் என்றால் 4.10, 8 பல் என்றால் 5.13. டயர் பெரிதாகும்போது ஒரு சுற்றில் வண்டி கடக்கும் தூரம் கூடுகிறது. ஆகவே அதே வேகத்துக்கு இன்ஜின் முன்பைவிடக் குறைவாகச் சுற்றுகிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரும் இழுவையும் அதே அளவுக்குக் குறைகிறது. உங்கள் பழைய டயரின் உயரம் ஏறத்தாழ 29.3 அங்குலம். 35 என்று விற்கப்படும் டயர் வண்டியின் பாரத்தைத் தாங்கி நிற்கும்போது முழு 35 இருப்பதில்லை, 34.5 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் 3.21 இப்போது 2.73 போல வேலை செய்கிறது. அவ்வளவு நெடிய, அதாவது எண் குறைந்த, கியரோடு இந்த எடையுள்ள வண்டியை எந்த நிறுவனமும் விற்காது.

இன்ஜினின் சுற்று வேகத்தை நீங்களே கணக்கிடலாம். மணிக்கு எத்தனை மைல் என்பதை 336ஆல் பெருக்கி, ஆக்சில் ரேஷியோவாலும் டாப் கியரின் ரேஷியோவாலும் பெருக்கி, அங்குலக் கணக்கில் டயரின் உயரத்தால் வகுத்தால் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள், வந்துவிடும். உங்கள் கியர் பெட்டியில் ஐந்தாம் கியரின் ரேஷியோ 0.83. பழைய டயரோடு 70 மைல் வேகத்தில் இன்ஜின் சுமார் 2,140 முறை சுற்றியது, இப்போது 1,815தான். 4.10 போட்டால் 2,320, 4.56 என்றால் 2,580, 4.88 என்றால் 2,760, 5.13 என்றால் 2,900.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். பழைய நிலையை மீட்பதுதான் நோக்கம் என்றால் 3.78 போதுமே, 4.10 அதையும் தாண்டிவிடுகிறதே, பிறகு 4.56 எதற்கு? டயரின் உயரம் மட்டும் மாறியிருந்தால் இந்த வாதம் சரி. ஆனால் வண்டி காற்றில் உயர்ந்து நிற்கிறது, அகலமான டயர்கள் காற்றை முன்பைவிட அதிகமாகத் தடுக்கின்றன, ஒவ்வொரு சக்கரமும் கனத்துவிட்டது, டயரின் கரடுமுரடான மேற்பரப்பால் உருளும் தடையும் கூடியிருக்கிறது. ராங்க்லர் பிறவியிலேயே ஒரு பெட்டி. காற்றைக் கிழிக்கும் வடிவம் அதற்குக் கிடையாது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால், நகருக்குள் தெரியாத குறை 75 மைலில் பூதாகரமாகத் தெரிகிறது. உங்கள் 3.6 லிட்டர் இன்ஜின் தன் உச்ச முறுக்குவிசையைத் தருவது 4,800 ஆர்.பி.எம்.மில், அதை 1,800இல் வைத்து எதிர்க்காற்றில் தள்ளச் சொல்வது, சைக்கிளை டாப் கியரில் வைத்துக்கொண்டு மேட்டில் மிதிக்கச் சொல்வதற்குச் சமம்.

சான் அன்டோனியோவைத் தாண்டி மேற்கே செல்லும் ஐ-10 சாலையில், கெர்வில்லுக்கும் ஜங்ஷனுக்கும் இடைப்பட்ட மேடு பள்ளங்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அங்கே அனுமதிக்கப்பட்ட வேகம் 80 மைல். க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். மேடு தொடங்கியதும் முதலில், இன்ஜினையும் கியர் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு விடுபட்டு முள் சில நூறு ஏறும். அதுவும் போதாமல் ஐந்தாம் கியர் நான்காகும். மேட்டின் தலையில் மறுபடி ஐந்து விழும். அடுத்த மேட்டில் மீண்டும் அதே கதை. ஒவ்வொரு முறை பூட்டு விடுபடும்போதும் கியர் பெட்டியின் எண்ணெய் சூடாகிறது. டெக்சாஸின் கோடையில் மணிக்கணக்காக இப்படி ஓடும் பெட்டி நீண்ட நாள் உழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நெடுஞ்சாலைக்கு ஆக்சில் ரேஷியோவைத் தேர்ந்தெடுப்பது என்றால், நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில், வழக்கமான மேட்டிலும் காற்றிலும், டாப் கியர் தன் இடத்தில் நிற்கும்படியான எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான். உங்கள் வண்டிக்கு அந்த இடம் 2,500க்குச் சற்று மேலே இருக்கிறது. 4.10 அதைத் தொடாமல் நின்றுவிடும். செலவையும் செய்துவிட்டுப் பாதிக் குறையையும் வைத்துக்கொள்வீர்கள்.

பெட்ரோல் பற்றிய தயக்கத்தை விட்டுவிடலாம். ஆர்.பி.எம். குறைந்தால் எரிபொருள் மிச்சம் என்பது இன்ஜின் சிரமமின்றி ஓடும்போது உண்மை. ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தபடி, நாலும் ஐந்துமாக மாறிக்கொண்டு போகும் வண்டியில் அந்த மிச்சம் கிடைப்பதில்லை. கியரை மாற்றியபின் நகருக்குள் செலவு பெரும்பாலும் சற்றுக் குறையும், நெடுஞ்சாலையில் பெரிய வேறுபாடு இருக்காது. 35 அங்குல டயரைப் போட்ட அன்றே பழைய மைலேஜ் போய்விட்டது; அதை எந்தக் கியரும் திருப்பித் தராது.

5.13 சொன்ன நண்பரிடம் அவருடைய டயர் என்ன, கியர் பெட்டி என்ன என்று கேட்டுப் பாருங்கள். பழைய 3.8 லிட்டர் இன்ஜினும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கும் உள்ள வண்டியாக இருந்தால் அவர் சொல்வதில் பொருள் உண்டு. உங்கள் வண்டியில் அது 80 மைலில் 3,300ஐத் தாண்டும். இன்ஜின் அதைத் தாங்கும். காதுகள் தாங்க வேண்டுமே. மேலும் கிரவுன் வீலின் அளவு மாறாதபோது எண் ஏற ஏறப் பினியனின் தலை சிறுக்கிறது. ஸ்போர்ட் மாடலில் முன்பக்கம் இருப்பது ஒப்பீட்டளவில் சிறிய டேனா 30 ஆக்சில் என்பதால் அங்கே இந்தக் குறை பொருட்படுத்தத்தக்கது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் முன்பைவிட வேகமாகச் சுற்றும். 70 மைலில் அது முன்பு 2,580 சுற்றுச் சுற்றியது, 4.56இல் 3,100 ஆகிறது, 5.13இல் 3,500ஐ நெருங்குகிறது. லிஃப்ட் போட்டதால் ஷாஃப்ட்டின் கோணம் ஏற்கெனவே கூடியிருக்கிறது. இதுவரை தெரியாமலிருந்த அதிர்வு கியரை மாற்றியபின் வெளிப்பட்டால், பழியை மெக்கானிக் மீது போடுமுன் ஷாஃப்ட்டின் இணைப்புகளைச் சோதித்துப் பாருங்கள்.

4.88க்கு ஒரே ஒரு சலுகை தருவேன். பின்னாளில் 37 அங்குல டயர் போடும் எண்ணம் மனதின் ஏதாவது மூலையில் இருந்தால் இப்போதே 4.88ஆகப் போட்டுவிடுங்கள். அந்த டயரோடு 70 மைலில் 2,600 வரும், அதாவது 35க்கு 4.56 தருவதே. இந்த வேலையை இரண்டு முறை செய்துகொள்வது வீண்செலவு.

பிக் பெண்டின் கற்பாதைகளை நினைத்துப் பெரிய எண்ணுக்குப் போக வேண்டாம். மெல்ல ஊர்ந்து ஏறுவது டிரான்ஸ்ஃபர் கேஸின், அதாவது இன்ஜின் சக்தியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியின், வேலை. உங்கள் முதல் கியர் 3.59, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் (மெல்ல ஓட்டுவதற்கான நிலை) 2.72, 4.56உடன் மூன்றையும் பெருக்கினால், சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகளாக 44 சொச்சம் வருகிறது, இப்போது இருப்பது 31. 4.88 போட்டாலும் 48ஐத்தான் தொடும். லோ ரேஞ்ச் 4 ஆக உள்ள ராங்க்லர் ரூபிகான் மாடலில் 4.10உடனேயே அது 59 ஆகிவிடுகிறது. ஊர்வதற்கு இன்னும் வேண்டுமென்றால் தொட வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

வேலையைப் பற்றிச் சில சொற்கள். முன், பின் ஆக்சில்கள் இரண்டையும் ஒரே ரேஷியோவுக்கு மாற்றியே ஆக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஃபோர் வீல் டிரைவில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து எதையாவது உடைக்கும். 3.21இலிருந்து இவ்வளவு தூரம் போகும்போது ஆக்சிலின் டிஃபரன்ஷியலில் கிரவுன் வீலைத் தாங்கும் கேரியரையும் மாற்ற வேண்டி வரலாம் என்பதால் விலை பேசுமுன் அதைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஒரு ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் லாக்கர் போடும் ஆசை இருந்தால் அதே சமயத்தில் செய்வது சிக்கனம். கடைக்காரரிடம் பற்களின் பதிவைப் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். கிரவுன் வீலின் சில பற்களில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றிப் பார்த்தால், பினியன் பட்ட இடத்தில் பசை விலகி ஒரு நீள்வட்டம் தெரியும். அது பல்லின் நடுவில் இருக்க வேண்டும். நுனிக்கோ அடிக்கோ ஒதுங்கியிருந்தால் பினியனின் ஆழம் சரியில்லை. ஷிம் என்னும் மெல்லிய தகட்டை மாற்றி மறுபடி பூட்ட வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் 55 மைலில் தொடங்கும் ஊளை வண்டி இருக்கும்வரை கேட்கும்.

முதல் ஓட்டத்தை இருபது மைல் அளவில் மிதமான வேகத்தில் முடித்து, ஆக்சில்கள் நன்றாக ஆறும்வரை நிறுத்துங்கள். 500 மைலில் டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றுங்கள். அதுவரை எதையும் கட்டி இழுக்க வேண்டாம். புதிய ரேஷியோவையும் டயர் அளவையும் வண்டியின் கம்ப்யூட்டரில் பதியச் சொல்லுங்கள். டயரை மாற்றியபோது இதைச் செய்யவில்லை என்றால், இன்று உங்கள் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 70க்குச் சற்று மேலே போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: என்னுடையது எட்டு கியர் ஆட்டோமேட்டிக் கொண்ட புதிய ராங்க்லர் ரூபிகான், 4.10. 33 அங்குலத்திலிருந்து 35க்கு மாறினேன். நண்பர்கள் எல்லாரும் கியரை மாற்றுகிறார்கள். நானும் மாற்றட்டுமா?
– வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: வேண்டாம். உங்களுக்கு உயரம் கூடியது ஐந்தாறு சதவீதம்தான்; 4.10 இப்போது 3.9 போல நடந்துகொள்ளும். எட்டாம் கியர் 0.67, ஏழாம் கியர் 0.84. 70 மைலில் எட்டில் 1,870 சுற்றும், ஏழில் 2,350. ஐ-17 வழியாக ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஏறும்போது எட்டாம் கியர் விழவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்த ஏற்றத்துக்கு ஏழாம் கியர் இருக்கிறது. ஐந்து கியர் பெட்டிக்குச் சொன்ன எண்ணை எட்டு கியர் பெட்டிக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே வண்டி 3.45உடன் வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

கேள்வி: மஹிந்திரா தார் வண்டியை இரண்டு அங்குலம் மட்டும் உயர்த்த நினைக்கிறேன், டயரை மாற்றப் போவதில்லை. ஆக்சில் கியரை மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தேவையில்லை. கணக்கை மாற்றுவது டயரின் உயரம்தானே தவிர வண்டியின் உயரமல்ல. காற்றின் தடை சற்றுக் கூடும், ஷாஃப்ட்டின் கோணம் மாறும், அவ்வளவே. ஆனால் அதற்கு முன்பே ஒன்றை யோசியுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. லிஃப்ட் கிட் வாங்குமுன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டு, பதிலை வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.