'அது வேற விஷயம்'னு எழுதிட்டீங்களே தம்பி

கேள்வி: அக்கா, எங்களுக்கு காங்கேயம் பக்கம். வெறும் மேட்டாங்காட்ட தோட்டமாக்குன மனுசன் எங்க அப்பாரு, எங்கப்பாவோட அப்பா. வர்ற தை மாசம் குலதெய்வம் கோயில் பொங்கலுக்கு அவரோட கதையையும் சொந்தபந்தத்தையும் எழுதி சின்ன புக்கா பிரிண்ட் போட்டு எல்லாருக்கும் குடுக்கலாம்னு இருக்கேன். 1966ல கெணறு வெட்டுனதுதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். அத வெட்டுனது எங்கப்பான்னு நான் சொல்றேன், எங்கப்பான்னு பெரியப்பா பையன் சொல்றான், சண்டை போட்டுட்டு வாட்சப் குரூப்ப விட்டே போயிட்டான். எங்கப்பா 52ல பொறந்தவரு, பெரியப்பா மூணு வருசம் மூத்தவரு. மூத்த அத்தையோட எட்டு பவுன வித்துத்தான் கெணத்து வேலைய ஆரம்பிச்சாங்கன்னு அம்மா சொல்லும், அது வேற விஷயம். தண்ணி வந்து மூணு வருசம் கழிச்சுத்தான் அத்தைய தாராபுரம் பக்கம் கட்டிக்குடுத்தாங்க. 83லயே பாகம் பிரிச்சு பத்திரம் பதிஞ்சாச்சு, அதுல பிரச்சனை இல்ல. புக்குல யாரு பேர போடறது?
– வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, பங்காளி சண்டை லெட்டர் எனக்கு மாசம் நாலு வருது, வரப்புன்னு வரும், வண்டித்தடம்னு வரும், உங்களுது கெணறு, அவ்ளோதான் வித்தியாசம். "நல்ல மனசு, நல்ல முயற்சி"ன்னு தட்டிக்குடுப்பேன்னு எதிர்பாத்திருப்பீங்க, அதுக்கு வேற ஆளப் பாருங்க.

மொதல்ல கணக்கு. 66ல உங்கப்பாவுக்கு 14 வயசு, பெரியப்பாவுக்கு 17. ரெண்டு பசங்களும் மண்ணு சுமந்திருப்பாங்க, இல்லேங்கல. அதுக்குன்னு அம்பது வயசு ஆம்பளைங்க ரெண்டு பேரு "எங்கப்பா வெட்டுன கெணறு"ன்னு போன்ல மல்லுக்கட்டறீங்களே, வெக்கமா இல்ல? வெட்டுனது உங்க அப்பாரு. கூட எறங்கி வெடி வச்சு கல்லு ஒடச்சவங்க யாருன்னு உங்க ரெண்டு பேருக்குமே தெரியாது, அத இன்னொரு நாள் பேசுவோம்.

இப்ப அந்த "அது வேற விஷயம்". அந்த வரியிலதான் நான் நின்னுட்டேன். எட்டு பவுன்னா 64 கிராம் தம்பி, இன்னிக்கு வெலைக்கு ஒரு நகைக்கடையில போயி கேட்டுட்டு வாங்க, அப்புறம் வேற விஷயமான்னு சொல்லுங்க. உங்க மண்ணு எப்படிப்பட்ட மண்ணுன்னு எனக்கும் தெரியும். கொறங்காடு, கிளுவ வேலி, நடுவுல ரெண்டு வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல்லு, மாடு மேய்ச்சலுக்கு ஆகும், மத்தபடி மானத்தப் பாத்து கம்பும் சோளமும் கொள்ளும் வெதைக்கணும். கெணறு வந்தாத்தான் அது தோட்டம், ரெண்டு மாடு கட்டி கவலையில, அதான் பெரிய தோல் பறியில, தண்ணி எறைச்சாத்தான் மொளகாயும் பருத்தியும். அந்தக் கெணத்துக்கு மொதப் பணம் ஒரு கல்யாண வயசுப் பொண்ணு கழுத்துலருந்தும் கையிலருந்தும் எறங்குனது. அப்புறம் அந்தப் பொண்ணு மூணு வருசம் ஊட்டுலயே இருந்துது. ஏன் இருந்துதுன்னு யாராவது கேட்டீங்களா? நகை திரும்ப சேர்ற வரைக்கும் மாப்பிள்ளை பாக்கலியா, வந்த எடம் தட்டிப்போச்சா? உங்க புக்கோட மொத அத்தியாயமே அங்கதான இருக்கு.

லெட்டரோட நீங்க அனுப்புன வம்சப் படத்தையும் பாத்தேன். ஆம்பளப் பசங்களுக்கு பேரு, படிப்பு, வேலை, கனடாவுல இருக்கறவருக்கு கொடி படம் வேற. அத்தைக்கு "மகள் – தாராபுரம்"னு ஒரு வரி. பஸ்ஸுக்கு போர்டு எழுதுற மாதிரி!

உங்கப்பா கல்யாண ஆல்பம் இருந்தா எடுத்துப் பாருங்க. நம்ம பக்கம் கூடப்பொறந்தவள வச்சு இணைச்சீர் செய்யாம மாப்பிள்ளைய முகூர்த்தத்துக்கு உட்கார வைக்க மாட்டாங்க. உனக்கு பொண்டாட்டி வந்தாலும் இவள விட்டுறாதேன்னு அத்தன சனத்துக்கு முன்னாடி சொல்லிவிடற சீர் அது. அன்னைக்கு பக்கத்துல நின்னது யாரு?

பாகத்துல பிரச்சனை இல்லேன்னு நிம்மதியா எழுதியிருக்கீங்க. வாஸ்தவம், சட்டப்படி பயப்பட ஒண்ணுமில்ல. தமிழ்நாட்டுல 1989 மார்ச் 25லதான் பூர்வீக சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு வந்துச்சு, அதுவும் அதுக்கு முந்தியே கல்யாணமான பொண்ணுக்கு கிடையாது. 2005ல மத்திய சட்டம் அந்த கண்டிசன எடுத்துருச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் அந்த சட்டம் வந்தப்ப அப்பா உசுரோட இருந்தாரா இல்லையாங்கறது முக்கியமில்லேன்னு சொல்லிருச்சு, ஆனா 2004 டிசம்பர் 20க்கு முந்தியே முறையா பதிஞ்ச பாகத்த கிளறக்கூடாதுன்னும் அதே 2005 சட்டத்துல இருக்கு. உங்க 83 பத்திரம் தப்பிச்சுது. அத்தை கோர்ட்டுக்கு வரமாட்டாங்க, வந்தாலும் நிக்காது. அதனாலதான் நான் கேக்கறேன். வட்டியில்லாம அறுவது வருசமா கெடக்கற கடன் அது, கேக்காதவங்ககிட்ட வாங்குன கடனத்தான் மொதல்ல தீக்கணும், எங்க ஊட்டுல எனக்கு சொல்லிக்குடுத்தது அதுதான்.

புக்க நிறுத்துங்க. தை பொங்கலுக்கு வரலேன்னா குலதெய்வம் ஒண்ணும் கோவிச்சுக்காது. அம்மாவையும் அந்த பெரியப்பா பையனையும் வண்டியில ஏத்திக்கிட்டு தாராபுரம் போங்க, போன்ல கேக்கற வேல வேண்டாம். அத்தைக்கு எம்பது இருக்கும், காது கேக்குதோ என்னவோ, பக்கத்துல உக்காந்து கேளுங்க. என்னென்ன நகை, வளையலா, அட்டிகையா, எந்தக் கடையில வித்தாங்க, மறுபடி யாராவது செஞ்சு போட்டாங்களா. செஞ்சு போடலேன்னு சொன்னா நீங்களும் பெரியப்பா பையனும் ஆளுக்கு நாலு பவுன். இழுக்காதீங்க, கனடாக்காரரையும் சேத்துக்குங்க. அத்தை வேண்டாம்னுதான் சொல்லுவாங்க, அந்த வார்த்தைய புடிச்சுக்கிட்டு திரும்பி வந்துறாதீங்க, அவங்க பேத்தி கையிலயாச்சும் குடுத்துட்டு வாங்க.

கெணறு யாரு பேருலங்கற கேள்விக்கு அப்புறமா பதில் சொல்றேன். அதுக்கு முந்தி அத்தை பேரு என்னன்னு எனக்கு எழுதுங்க, மூணு பக்க லெட்டர்ல ஒரு எடத்துலயும் காணோம்.