கியர் கூலர் பைப்பில் கசிவு: வெட்டி ஹோஸ் போட்டால் போதுமா?

மண்டபம் வாசகர் ஒருவரின் எட்டு வயது ஆட்டோமேட்டிக் காரின் முன்பகுதிக்கு அடியில் தினமும் காலையில் சிவப்பு எண்ணெய்த் துளிகள் கிடக்கின்றனவாம். ரேடியேட்டருக்குச் செல்லும் இரும்பு பைப் துருப்பிடித்துக் கசிவதாகவும், அந்த இடத்தை மட்டும் வெட்டி ரப்பர் ஹோஸ் மாட்டிவிடலாம் என்றும் மெக்கானிக் சொல்கிறார். அது போதுமா என்பது அவருடைய கேள்வி.

வண்டி கடலோரத்திலேயே நிற்பதால், இரண்டு பைப்புகளையும் முழுமையாக மாற்றிவிடுவதே நல்லது. கியர் பெட்டியின் சூடான ஆயில் ஒரு பைப் வழியாக ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குச் சென்று, ஆறி, மற்றொன்றின் வழியாகத் திரும்புகிறது. இரண்டும் ஒரே உப்புக்காற்றில்தான் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கின்றன. தனுஷ்கோடி, வாலிநோக்கம் பக்கம் போய்வரும் வண்டிகளில், பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்கு அடியில் உப்பு மண்ணும் ஈரமும் தங்கி, துரு பெரும்பாலும் அங்கேதான் உள்ளே இறங்குகிறது. வெளியே பெயிண்ட் சற்று உப்பியிருப்பது மட்டுமே தெரியும். கிளிப்பைக் கழற்றி, ஸ்குரூடிரைவர் முனையால் சுரண்டிப் பாருங்கள்; இரும்பு செதில் செதிலாக உதிர்ந்தால், அதில் ஹோஸ் மாட்டிக் கிளாம்பை முடுக்கும்போதே பைப் நசுங்கிவிடும்.

துரு ஓரிடத்தோடு நின்றிருந்தால் மெக்கானிக் சொல்வதைச் செய்யலாம்; ஆனால் ஹோஸ் கியர் ஆயில் கூலருக்கென்றே வருவதாகவும், பைப் முனை சற்றுத் தடித்து மேடு எழும்பியதாகவும் இருக்க வேண்டும். வழவழப்பான முனையில் மாட்டிய ஹோஸ் சூட்டிலும் அழுத்தத்திலும் நழுவிவிட்டால், பாம்பன் சாலைப் பாலத்தில் நடுவழியில் நிற்பதோடு முடியாது: ஆயில் சீக்கிரமே வெளியேறி கிளட்ச் தகடுகள் கருகும், சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீயும் பிடிக்கலாம். எம்-சீல் பூசுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வேலையைத் தொடங்குமுன், எஞ்சின் ஆறிய பிறகு கூலண்ட் டப்பாவைப் பாருங்கள். அதில் பால் கலந்ததுபோல் இளஞ்சிவப்புக் குழம்பு தெரிந்தால் ரேடியேட்டருக்குள் கூலரே உடைந்திருக்கிறது. எஞ்சினை ஓட்டாமல் வண்டியை ஏற்றிச் செல்லுங்கள். பைப் மாற்றுவது அதற்குத் தீர்வு ஆகாது.

நட் போட்ட இணைப்பானால், ரேடியேட்டர் முனையை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் கூலரின் முனையே திரும்பிப் புதிய கசிவு கிளம்பும். அழுத்தி மாட்டும் வகையானால் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையத்தையும் லாக் கிளிப்பையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கம்பெனி பைப் கிடைக்காவிட்டால், செம்பு-நிக்கல் கலவைப் பைப்பை அளவுக்கு வளைத்து, முனையை விரித்துப் போடலாம். அது எளிதில் துருப்பிடிக்காது. ஏசி கடையில் கிடைக்கும் வெறும் செம்புப் பைப்பை மட்டும் ஏற்காதீர்கள், எஞ்சின் அதிர்வில் அது விரிசல் விடும்.

வெளியேறிய அளவுக்கு, கையேட்டில் குறிப்பிட்ட அதே வகை ஆயிலை ஊற்றுங்கள். சிவிடி (பெல்ட் மூலம் வேகம் மாறும் கியர் பெட்டி) உள்ள வண்டியில் சாதாரண ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றினால் கியர் பெட்டியே பழுதாகும். பல வண்டிகளில் அளவை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆயில் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகே பார்க்க வேண்டும். அளவுக்கம்பி இல்லாத வண்டியானால் அந்த வேலையை லிஃப்ட் உள்ள பட்டறையில் கொடுங்கள்.