வெசல் வாங்குகிறவர் எந்த ஆண்டைப் பார்க்க வேண்டும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "இரண்டு ஹொண்டா வெசல் ஹைபிரிட் கார்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 2014 தயாரிப்பு, இங்கே பதிவானது 2015இல். மற்றது 2016 தயாரிப்பு, ஆர்.எஸ். என்ற ஸ்போர்ட்ஸ் பாணி ரகம். விலையில் பல இலட்சம் வித்தியாசம் இருக்கிறது. இரண்டும் ஒரே எஞ்சின்தான், ஆண்டு என்பது பதிவுப் புத்தகத்தில் உள்ள எண் மட்டுமே என்கிறார் தரகர். தினமும் கோட்டைக்கு வேலைக்குப் போகிறேன். மாதம் ஒருமுறை ஹற்றனில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவேன். எதை வாங்கலாம்?"

தரகர் சொன்னதில் பாதி உண்மை. 2013 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமான இந்த வெசல், 2021 ஏப்ரலில் புதிய தலைமுறை வரும்வரை அடிப்படையில் ஒரே காராகவே இருந்தது. 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், அதனுடன் ஒரு மின்மோட்டார், ஏழு கியர்களும் இரட்டைக் கிளட்ச்சும் கொண்ட கியர் பெட்டி என்பதில் மாற்றமில்லை. ஆர்.எஸ். ரகம் 2016 பெப்ரவரியில் வந்தது, முகப்பு 2018 பெப்ரவரியில் மாறியது. அலங்காரத்துக்காக மட்டும் பல இலட்சம் கூடுதலாகக் கொடுப்பதா என்று நீங்கள் யோசித்தால் அது நியாயமான யோசனைதான்.

அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி கியர் பெட்டியில் இருக்கிறது. இந்தக் காரில் கிளட்ச் மிதி இல்லை என்றாலும் எஞ்சினின் விசையைக் கியர்களோடு சேர்க்கவும் பிரிக்கவும் உள்ளே எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச் தகடுகள் இருக்கின்றன. அவற்றை எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது என்பதை ஒரு கணினியே தீர்மானிக்கிறது. அறிமுகமான முதல் வருடத்தில் அந்தக் கணினிக்குரிய நிரலில் குறை இருந்தது. 2014 பெப்ரவரியில், வெசலையும் அதே வகைக் கியர் பெட்டி கொண்ட ஃபிட் காரையும் சேர்த்து, ஏறத்தாழ 81,000 ஹைபிரிட் கார்களை ஹொண்டா திருத்தத்துக்காக மீள அழைத்தது. அதே ஆண்டு ஜூலையில், எதிர்பாராமல் வேகமெடுக்கும் அபாயத்துக்காக இன்னொரு மீளழைப்பு வந்தது. ஒக்டோபரில் ஃபிட் ஹைபிரிட் ஐந்தாவது தடவையாக அழைக்கப்பட்டபோது, நிறுவனத்தின் தலைவர் உட்பட உயர் அதிகாரிகள் தமது சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். ஆகவே 2014க்கும் 2016க்கும் இடையில் உள்ளது வெறும் இரண்டு வருட வயது வித்தியாசம் அல்ல. மீளழைப்புக்கு முந்திய காரா, பிந்திய காரா என்பதே உண்மையான வித்தியாசம்.

உங்கள் பயணத்துக்கு இது மிகவும் முக்கியம். காலை எட்டு மணிக்குப் பம்பலப்பிட்டியிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதியில் ஊர்ந்து செல்லும்போது அந்தக் கிளட்ச் தகடுகள் முழுதாகச் சேராமல் அடிக்கடி வழுக்க நேரும், வழுக்கினால் சூடேறும். கித்துல்கலையைத் தாண்டி கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் அதே நிலைதான். எனவே, வேறு எதையும் பார்க்க முடியாத நிலையில் என் பதில் 2016 காரே.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்ல 2014 கார்கள் பல காரணமின்றி ஒதுக்கப்படுகின்றன. மீளழைப்பு என்பது காரை மாற்றிக் கொடுப்பதல்ல. பெரும்பாலும் நிரலைப் புதுப்பிக்கும் வேலைதான். ஜப்பானில் முதல் உரிமையாளர் அந்த வேலையைச் செய்வித்திருந்தால், அந்த 2014 கார் இந்த விடயத்தில் பிந்திய காருக்கு இளைத்ததல்ல. அதை அறிவதற்கு வழியும் இருக்கிறது. ஹொண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் செசி இலக்கத்தை, அதாவது காரின் சட்டகத்தில் பொறித்த அடையாள எண்ணை, இட்டால், அந்தக் காருக்குரிய மீளழைப்புகளும் அவை நிறைவேற்றப்பட்டனவா என்பதும் தெரியும். பக்கம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கைப்பேசியின் மொழிபெயர்ப்பே போதும். அங்கே எல்லாம் முடிந்ததாகக் காட்டி, கார் நான் கீழே சொல்லும் ஓட்டப் பரிசோதனையிலும் தேறினால், 2014 காரைக் குறைந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம். வேலை முடியவில்லை என்று காட்டினால், "அதெல்லாம் இங்கே செய்துவிட்டோம்" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள்; செய்த இடத்தின் பற்றுச்சீட்டைக் கேளுங்கள்.

காரைக் குளிர்ந்த எஞ்சினுடன் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. குறைந்தது 40 நிமிடம், அதுவும் நெரிசல் நேரத்தில், குளிரூட்டியைப் போட்டு ஓட்டுங்கள். சூடான பிறகு ஓர் ஏற்றத்தில் நிறுத்தி, மெதுவாக எடுங்கள். முன்கியரிலிருந்து பின்கியருக்கு மாற்றும்போது தாமதமோ உதறலோ இருந்தால், அல்லது கியர் பெட்டி சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வந்தால், அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது, நான் ஒவ்வொரு வாரமும் சொல்லிச் சலித்த விடயம்: இலக்கத் தகட்டின் எழுத்தை வைத்து விலை பேசாதீர்கள். அந்த எழுத்து இங்கே பதிவான வரிசையை மட்டுமே காட்டும். 2014இல் தயாராகி, துறைமுகத்திலும் விற்பனை முற்றத்திலும் மாதக்கணக்கில் கிடந்து பதிவான காருக்கு 2015ஆம் ஆண்டுக்குரிய எழுத்துத்தான் கிடைக்கும். "எழுத்துப் புதிது" என்று தரகர் குரலை உயர்த்தும்போதே, புத்தகத்தில் தயாரிப்பு ஆண்டு என்ற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜப்பானிய ஏலத்தில் காரின் நிலையைத் தரமிட்டு எழுதிய ஏலத் தாள் என்று கைப்பேசியில் காட்டும் படத்தையும் அப்படியே ஏற்காதீர்கள். 4.5 தரம் என்று எழுதிய போலித் தாள் தயாரிப்பது இன்று யாருக்கும் கடினமல்ல. செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே பணம் கட்டித் தருவிக்கும் தாள்தான் தாள்.

சென்ற வருடம் ஒரு குடும்பம் மதிப்பீட்டுக்குக் கொண்டுவந்த வெசலை நினைத்துக்கொள்கிறேன். விபத்தே இல்லாத 2014 கார் என்று வாங்கப் போனார்கள். ஆசனப் பட்டிகளை முழுதாக இழுத்தால் அடிப்பகுதியில் தைக்கப்பட்ட சிறிய வெள்ளைச் சீட்டில் தயாரான ஆண்டு அச்சிட்டிருக்கும். பின் ஆசனங்களிலும் இடது முன் ஆசனத்திலும் 2014 என்றிருந்தது. சாரதியின் பட்டியில் மட்டும் 2017. பலமான மோதல் இல்லாமல் ஒரு பட்டி மட்டும் மாற்றப்படுவது அரிது. திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஒட்டு வேலை தெரிந்தது. அந்தச் சீட்டைப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கருவி எதுவும் தேவையில்லை.

இவற்றையெல்லாம் ஒரு வாங்குநர் தனியாகத் தேட வேண்டியிருப்பதே எனக்கு ஆறாத கோபம். வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்குத் தனியார் காரின் புகையைப் பரிசோதிக்கிறார்கள்; பிரேக், கியர், சட்டகம் எதையும் யாரும் பார்ப்பதில்லை. ஜப்பானில் மீள அழைக்கப்பட்ட கார் இங்கே கைமாறும்போது, அந்த மீளழைப்பைப் பற்றிக் கேட்க ஒரு கட்டம்கூடப் படிவத்தில் இல்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கும்வரை, பழைய கார்களுக்கே புதிய கார்களின் விலை இருந்தது. அந்தக் காலத்தில் பழகிய தரகர்கள் இன்னும் அதே துணிச்சலுடன் பேசுகிறார்கள்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, இரண்டு கார்களின் செசி இலக்கங்களையும் கேட்டு வாங்குவது. "வேறு பார்ட்டி வருகிறது, முதலில் அட்வான்ஸ் கொடுங்கள், பிறகு இலக்கம் தருகிறேன்" என்று தரகர் சொன்னால், அந்தக் காரை அந்த வேறு பார்ட்டிக்கே விட்டுவிடுங்கள். இலக்கம் தருகிறவரின் காரை, அடுத்த வேலைநாள் காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் ஓட்டிப் பாருங்கள்.