கொலுசு வரியில் சேலத்துக்கு எத்தனை ரூபாய்? வரிப் பகிர்வு கேள்வி பதில்

உள்ளாட்சிக் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி என்று வரிப்பணம் எப்படிப் பிரிகிறது என்று சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒன்றிய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. இங்கே வரும் நிதிக்குழு எண்கள் எல்லாம் 15வது நிதிக்குழுவின் 2021-26 காலத்துக்குரியவை.

செவ்வாய்பேட்டை, கொலுசுப் பட்டறைக்காரர்: அண்ணா, நாங்க கட்டுற ஜிஎஸ்டியில நம்ம ஊருக்கு எவ்வளவு வந்து சேருது?

கணக்கே போட்டுப் பார்த்துவிடுவோம். உள்ளீட்டு வரிக் கழிவை, அதாவது வாங்கின பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வதை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பத்தாயிரம் ரூபாய்க் கொலுசை சேலத்திலேயே விற்றால் 3% வரி, 300 ரூபாய். பில்லில் அது இரண்டாகப் பிரிந்து இருக்கும்: மாநிலத்துக்கு 150, ஒன்றியத்துக்கு 150.

ஒன்றியத்தின் 150-இல் 41%, அதாவது 61 ரூபாய் 50 காசு, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான தொகுப்புக்குப் போகிறது. அந்தத் தொகுப்பில் தமிழ்நாட்டின் பங்கு 4.079%. ஆக, டில்லி போய்த் திரும்புவது இரண்டரை ரூபாய். மாநிலம் நேராக எடுத்துக்கொண்ட 150 என்ன ஆகிறது? தன் சொந்த வரி வருவாயில் 10%-ஐ உள்ளாட்சிகளுக்குக் கொடுப்பது தமிழ்நாட்டு நடைமுறை. அப்படியென்றால் 15 ரூபாய். அதுவும் சேலம் மாநகராட்சிக்கு மட்டும் இல்லை, மாநிலத்தின் அத்தனை மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளும் அதில்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்கள் தெருவுக்கு வருவதைக் காசில் எண்ணினால் கூட மிச்சம் இருக்காது.

அதே கொலுசை மும்பை வியாபாரிக்கு அனுப்பினால் மாநிலத்துக்குரிய 150 மகாராஷ்டிரத்துக்குப் போய்விடும். செய்கிற ஊருக்கு இல்லை, வாங்குகிற ஊருக்குத்தான் ஜிஎஸ்டி. சேலம் உருக்காலையின் ஸ்டீலுக்கும் இதே கதைதான்.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: சார், நாம ஒரு ரூபாய் கொடுத்தா 29 காசுதான் திரும்பி வருதுன்னு மேடையில பேசறாங்களே, உண்மையா?

குறை நியாயமானது, கணக்குதான் அரைகுறை. கம்பெனிகள் பெரும்பாலும் தலைமை அலுவலகம் இருக்கிற ஊரில் வருமான வரி கட்டுகின்றன. மும்பைக் கம்பெனி சேலத்தில் சம்பாதித்த லாபத்துக்கான வரி மும்பைக் கணக்கில் ஏறும். சென்னைக் கம்பெனி பாட்னாவில் சம்பாதித்தது நம் கணக்கில் ஏறும். அதனால் தமிழ்நாடு கொடுத்தது இவ்வளவு என்று காசு சுத்தமாகச் சொல்ல வழியில்லை.

பங்கு எப்படி முடிவாகிறது என்று பாருங்கள். நிதிக்குழுவின் அளவுகோலில் 45% எடை தலா வருமானத்தில் பின்தங்கிய மாநிலங்களுக்குச் சாதகமானது. உத்தரப்பிரதேசத்துக்கு 17.939% போவது அதனாலும் அதன் மக்கள்தொகையாலும்தான். ஏழை மாநிலத்துக்குக் கூடக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. 1971 மக்கள்தொகையை விட்டுவிட்டு 2011-ஐ எடுத்ததில் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு அடி விழுந்தது. அதை ஈடுகட்ட 12.5% எடை வைத்தார்கள். என் கோபம் இதில் எதன் மீதும் இல்லை, செஸ் மீதுதான்.

ஓமலூர், லாரி வைத்திருப்பவர்: அது என்னங்க செஸ்ஸு? எல்லாம் வரிதானே?

கட்டுகிற உங்களுக்கு எல்லாம் ஒன்றுதான், பிரிக்கும்போதுதான் வேறு. செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று போடும் வரி, சர்சார்ஜ் என்பது வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி. அரசியல் சட்டத்தின் 270வது பிரிவுப்படி செஸ்ஸையும் சர்சார்ஜையும் மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை. 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு டீசல் லிட்டருக்கு ஒன்றிய வரி 15 ரூபாய் 80 காசாக இருந்தது. அதில் பங்கு போட வேண்டிய அடிப்படை உற்பத்தி வரி 1 ரூபாய் 80 காசுதான். 41% என்று சொல்வது இந்த ஒன்று எண்பதுக்கு. மீதி பதினாலு ரூபாய் பந்திக்கே வருவதில்லை.

ஏற்காடு, கடை வைத்திருக்கும் அம்மா: சனி ஞாயிறு ஆனா ஏரிப் பக்கம் வண்டி நகர இடமில்லை. திங்கக்கிழமை பார்த்தா சோளக்கருது சக்கையும் பாட்டிலுமா கிடக்குது. இந்தக் கூட்டத்தால எங்க ஊராட்சிக்கு என்னங்க வருமானம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு அம்மா. ஏற்காடு நகராட்சி இல்லை. அறை வாடகைக்குப் போடும் ஜிஎஸ்டி ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. ஊராட்சிக்குக் கிடைப்பது கட்டடங்களுக்கான வீட்டு வரி, தொழில் வரி, கட்டணங்கள், அப்புறம் மேலிருந்து வரும் மானியம். அந்த மானியத்தைப் பிரிக்கும்போது முக்கியமாகப் பார்ப்பது குடியிருக்கிற மக்கள்தொகையை. வார இறுதியில் மலை ஏறுகிறவர்கள் அதில் வரமாட்டார்கள், அவர்கள் போடும் குப்பையை மட்டும் நீங்கள் அள்ள வேண்டும். சுற்றுலா ஊர்களுக்கு, உள்ளாட்சிகளின் பங்கைப் பரிந்துரைக்கும் மாநில நிதிக்குழு தனி எடை கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: எங்க வருமானத்துக்கு யாரு வரி போடலாம்?

வேளாண் வருமானம் மாநிலத்தின் எல்லை. ஆனால் நீங்களே விளைவித்துப் பதப்படுத்தி விற்றால் வருமானத்தில் 25%, வறுத்து அரைத்தும் விற்றால் 40% வியாபார வருமானமாகிவிடும். அந்தப் பகுதிக்கு ஒன்றிய வருமான வரி உண்டு.

வீரபாண்டி ஒன்றியம், முன்னாள் வார்டு உறுப்பினர்: 15வது நிதிக்குழு பணத்துல சந்துக்கு ரோடு போடலாம்னா, முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்?

அந்த மானியத்தில் 60% 'டைடு' பணம், அதாவது குறித்த வேலைக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது: பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40% தான் உங்கள் தேவைக்கு, அதிலும் சம்பளம் போடக்கூடாது. உங்கள் ரோட்டுக்கு அந்த 40%-ஐத்தான் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-இல் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் கிடையாது. தேர்தலைத் தள்ளிப்போடுவதற்கு நாம் கொடுக்கும் விலை இது, அதை டில்லி மேல் போட முடியாது.

கருப்பூர், ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி: மேக்னசைட் தோண்டின பணத்துல மண்ணுக்கு ஏதாவது திரும்புதா?

ராயல்டி, அதாவது கனிமம் எடுப்பதற்குக் கட்டும் தொகை, மாநிலத்துக்கு. 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, குத்தகை எப்போது கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து ராயல்டியில் 10% அல்லது 30% அளவுக்கு மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் குத்தகைதாரர் தனியாகக் கட்ட வேண்டும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்குச் செலவழிக்கத்தான் அது. கலெக்டர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், எந்தக் கிராமத்தில் என்ன வேலை நடந்தது என்று பட்டியல் கிடைக்கும்.

அம்மாபேட்டை, தனியார் பள்ளி ஆசிரியை: சம்பளத்துல தொழில் வரின்னு பிடிக்கறாங்க சார். அதுவும் டில்லிக்குத்தானா?

இல்லைம்மா, முழுக்க மாநகராட்சிக்கு. அரையாண்டுக்கு ஒரு முறை பிடிப்பார்கள். வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது. அதை வைத்தது 1988-இல். அன்றிலிருந்து ஒரு ரூபாய் கூட ஏறவில்லை.