கல்விக் கடனுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது, தங்கைக்கும் கடன் வாங்க வேண்டும். என்ன செய்யலாம்?

கேள்வியின் சுருக்கம் இது: மன்னார்குடிப் பக்கம், அப்பாவுக்குக் கொஞ்சம் நஞ்சை. 2019-ல் இன்ஜினியரிங் சேர்ந்து, வருடத்துக்கு ஒரு லட்சமாக 4 லட்சம் கல்விக் கடன். 2023-ல் படிப்பு முடிந்தது. சுமாரான சம்பளத்தில் வேலை, இதுவரை ஒரு தவணைகூடக் கட்டவில்லை. 2025-ல் வங்கி 5,98,000 கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. தங்கைக்கு இந்த வருடம் கவுன்சிலிங்.

முதலில், நோட்டீஸைப் பார்த்துப் பயந்து நகையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வங்கியைத் திட்டியும் பயனில்லை. 4 லட்சம் எப்படி 6 லட்சம் ஆனது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் மாரட்டோரியம். அந்தக் காலத்தில் தவணை கிடையாது, ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடம் கொடுத்த லட்சத்துக்கு 5 வருட வட்டி 50,000. அடுத்தடுத்த லட்சங்களுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1,40,000. மாரட்டோரியம் முடிகிற அன்று இது அசலோடு சேர்ந்து 5,40,000 ஆகிறது. அங்கிருந்து மாத வட்டி, வட்டிக்கு வட்டி. ஒரு வருடம் கட்டாமல் விட்டால் 5,96,000-ஐத் தாண்டிவிடும். மிச்சம் அபராதக் கட்டணமாக இருக்கலாம். ஆகவே உங்கள் நோட்டீஸில் கணக்கு பெரிதாகத் தப்பவில்லை.

பார்க்க வேண்டியது அந்த 1,40,000-ஐத்தான். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மாரட்டோரியம் காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டம் 2009-லிருந்தே இருக்கிறது. நீங்கள் சேர்ந்த காலத்து விதிப்படி தொழிற்படிப்பாக இருக்க வேண்டும், கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும், கடன் அடமானம் இல்லாததாக இருக்க வேண்டும். இந்த மானியம் மாணவர் கைக்கு வராது. கிளை கிளெய்ம் போட வேண்டும், பணம் கடன் கணக்கில் வரவாக வேண்டும். கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தாசில்தார் கொடுத்த வருமானச் சான்றிதழ் ஃபைலில் இருக்காது, ஆதார் இணைந்திருக்காது, அல்லது போர்ட்டல் திறந்திருந்த நாட்களில் கிளையில் யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

அதனால் முதல் வேலை, கடன் கொடுத்த நாளிலிருந்து இன்றுவரை முழு ஸ்டேட்மென்ட் வாங்குவது. கடைசி ஆறு மாதத்துக்கு ஒரு தாளைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வேண்டாம், முதல் நாளிலிருந்து வேண்டும் என்று கேளுங்கள். வரவுப் பக்கத்தில் மானியம் என்று ஏதாவது வந்திருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். அபராதம் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கைப்படி அபராதத்தை வட்டியாகப் போடக் கூடாது, அபராதத்தின் மேல் வட்டியும் ஏற்றக் கூடாது.

இரண்டாவது, நோட்டீஸில் உள்ள தொகை மொத்த பாக்கியா, தவணை பாக்கியா என்று தெரிந்துகொள்ளுங்கள். 5,40,000-க்கு 10%-ல் பத்து வருடத் தவணை மாதம் 7,136 ரூபாய். பன்னிரண்டு மாதம் கட்டவில்லை என்றால் ஓவர்டியூ, அதாவது தவணை பாக்கி, சுமார் 86,000-தான். கடன் முழுவதையும் திரும்பக் கேட்கிறோம் என்று ரீகால் நோட்டீஸ் அனுப்பியிருந்தால் விஷயம் வேறு. வெறும் நினைவூட்டலாக இருந்தால் கணக்கைச் சீராக்க அந்த 86,000 போதும். ஆனால் அதை முழுதாகக் கட்ட வேண்டும். 90 நாளைத் தாண்டி என்பிஏ (NPA, வாராக் கடன்) ஆன கணக்கு, ஓவர்டியூ முழுவதும் தீர்ந்தால் மட்டுமே பழைய நிலைக்குத் திரும்பும். ஐயாயிரம், பத்தாயிரம் என்று மேனேஜர் முகத்துக்காகக் கட்டினால் பாக்கி குறையும், என்பிஏ முத்திரை அப்படியே இருக்கும்.

மாதம் 7,136 முடியாது என்றால் தவணைக் காலத்தை 15 வருடமாக்கக் கேட்கலாம். அப்போது மாதம் 5,803. ஆனால் மொத்தமாகக் கட்டுவது 8.56 லட்சத்திலிருந்து 10.45 லட்சம் ஆகும், யோசித்துக் கேளுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, அதனால் கையில் பணம் வரும்போது அசலைக் குறைத்துக்கொள்ளலாம். கிளையில் தானாக வாய் திறந்து சொல்லாத இன்னொன்றும் உண்டு. வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், வேலை இல்லாத அல்லது தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கிற காலத்துக்கு, ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மிகாமல், கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்க இடம் இருக்கிறது. முதலில் குறைவாகவும் போகப்போக அதிகமாகவும் கட்டும் ஏறுதவணைக்கும் இடம் உண்டு. என்பிஏ ஆகும் முன்பே கேட்டிருந்தால் எளிதாகக் கிடைத்திருக்கும். இப்போதும் கேளுங்கள்.

இதையெல்லாம் கவுண்டரில் நின்று வாயால் கேட்காதீர்கள். ஸ்டேட்மென்ட், எந்தெந்த வருடம் மானிய கிளெய்ம் போட்டார்கள் என்ற விவரம், தவணை நீட்டிப்பு, மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி இரண்டு நகல் கொண்டுபோங்கள். ஒன்றில் சீலும் தேதியும் வாங்குங்கள். போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கும்படி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர் அதிகாரியிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. வரிசையை மாற்றிவிடாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டால் அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார், அந்த உத்தரவுக்கு அப்பீலும் கிடையாது. கணக்கைக் குறைத்து முடித்தால் சிபில் என்ற கடன் வரலாற்றுப் பதிவில் ‘செட்டில்டு’ என்று விழும், கூட்டுக் கடன்தாரரான அப்பா பெயரிலும்.

நிலம் ஏலம் போகுமா என்று யாராவது பயம் காட்டியிருப்பார்கள். அடமானச் சொத்தை வங்கியே ஏலம் விட வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் அடமானம் வைக்காத கடனுக்குப் பாயாது, விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் வங்கி சிவில் வழக்குப் போட்டு டிக்ரி வாங்கலாம், அதற்குப் பிறகு அப்பாவின் சொத்தும் பேச்சுக்கு வரும். வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது.

டெல்டாவில் பலருக்கு உறைக்காத சிக்கல் இது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கு கல்விக் கடன் பாக்கி இருக்கிற அதே கிளையில் இருந்தால், சம்பா பணம் விழுந்த அன்றே பாக்கிக்கு எடுத்துக்கொள்ளவோ நிறுத்திவைக்கவோ பார்ப்பார்கள். அதே கிளையில் அடகு வைத்த நகையை, நகைக்கடன் தீர்ந்த பிறகும் மகனின் கடனைக் காட்டித் தர மறுப்பதும் நடக்கிறது. கடன் விவகாரம் பேசி முடியும்வரை நெல் பணத்துக்கும் நகைக்கும் வேறு வங்கி நல்லது. ஏமாற்றச் சொல்லிக்கொடுக்கிறான் என்று யாராவது கமெண்ட் போடலாம். அடுத்த நடவுக்கு விதையும் உரமும் அந்தப் பணத்தில்தான் என்பது போடுகிறவருக்குத் தெரியாது. நெல் பணமும் சும்மா வருகிறதா? ஈரப்பதம் 17%-ஐத் தாண்டுகிறது என்று மூட்டையை வாரக்கணக்கில் களத்தில் கிடக்க விடுகிறார்கள், அதற்குள் ஒரு மழை வந்து ஈரம் இன்னும் ஏறுகிறது. அதைப் பேசினால் இந்தப் பதில் முடியாது.

தள்ளுபடிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 2021 பிப்ரவரியில் 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது என்றால் அது கூட்டுறவுக் கடன், மாநில அரசின் கைக்குள் இருந்தது. உங்கள் கடன் தேசிய வங்கியில்.

இனி தங்கை விஷயம். நீங்கள் பட்டதாரி ஆகிவிட்டதால் முதல் பட்டதாரி சலுகை அவருக்கு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5% ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதில் இடம் கிடைத்தால் கல்வி, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது, கடனே தேவைப்படாமல் போகலாம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு.

கடன் வேண்டும் என்றால் 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலக்ஷ்மி போர்ட்டலில் விண்ணப்பியுங்கள். தேசியத் தரவரிசையில் வந்து பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு அதில் அடமானமும் ஜாமீனும் கிடையாது. கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலிங்கில் கல்லூரி விருப்பம் பதியும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்பே பாருங்கள். வருமானம் 8 லட்சம்வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம்வரையான கடனில் 3% வட்டிச் சலுகையும் இருக்கிறது, ஆனால் வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எது லாபம் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லாத கல்லூரி என்றாலும் 4 லட்சம்வரை அடமானம் கேட்கக் கூடாது, நம் கையிலிருந்து போட வேண்டிய மார்ஜினும் கிடையாது. விடுதிக் கட்டணம், புத்தகம், லேப்டாப் எல்லாம் கல்லூரி தரும் கட்டண மதிப்பீட்டிலேயே வந்துவிடட்டும். பிறகு சேர்க்கப் போனால் இழுத்தடிப்பார்கள். ‘உங்கள் ஊர் எங்கள் ஏரியா இல்லை’ என்று திருப்பி அனுப்பினால், அதைக் காரணமாகச் சொல்லி கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. மறுப்பதாக இருந்தால் மேலதிகாரி ஒப்புதலோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரையோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தையோ பார்க்கலாம்.

உங்கள் என்பிஏ அப்பாவின் சிபிலிலும் நிற்பதால், அவர் கூட்டுக் கடன்தாரராக வந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அம்மாவைப் போடுங்கள். அவருக்கு பான் கார்டு இல்லை என்றால் இன்றே விண்ணப்பியுங்கள். ஆதாரில் இனிஷியலும் பானில் விரித்த பெயருமாக இருந்தால் கவுன்சிலிங்குக்கு முன்பே ஒன்றாக்கிவிடுங்கள்.