டிஸ்சார்ஜ் ஆகிறவருக்கு மருந்தைப் பற்றி எப்படிச் சொல்லித் தருவது?

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் ஃபார்மகாலஜியில் படித்துவிட்டேன், ஆனால் வீட்டுக்குப் போகிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை எனக் கேட்டிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக மெடிக்கல் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் பேசுவதைக் குறைத்து, அவர்களைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். எனக்கு இது ஒரு பாட்டியால்தான் புரிந்தது.

காலை 20 யூனிட், இரவு 10 யூனிட் இன்சுலின் என்று எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். விளக்கியது நான்தான். "புரிஞ்சுதா பாட்டி?" என்றேன். "புரிஞ்சுது சிஸ்டர்" என்றார். மூன்றே வாரத்தில் சர்க்கரை 400ஐத் தாண்டி, நாக்கு வறண்டு மறுபடி வந்து படுத்தார். ஒரு வேளைகூட ஊசியை விடவில்லை என்று சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. கண்டதைத் தின்றிருப்பார் என்று மகனே திட்டினார்.

மறுநாள் காலை அவர் பையில் இருந்த மருந்தையும் சிரிஞ்சையும் கையில் கொடுத்து, "வீட்ல எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுத்துக் காட்டுங்க" என்றேன். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, 20ஆம் கோடு வரை பிசகாமல் இழுத்தார். ஆனால் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். புட்டியில் 40 ஐயூ என்று போட்டிருந்தது.

மில்லிக்கு 40 யூனிட் உள்ள புட்டிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் உள்ளதற்குத்தான் ஆரஞ்சு. ஆரஞ்சில் 20ஆம் கோடு என்றால் 0.2 மில்லி. 40 புட்டியில் அது வெறும் 8 யூனிட். சிவப்பு இல்லையென்று கடையில் இதைக் கொடுத்திருக்கிறார்கள். நிறத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பாவம், திட்டு வாங்கியது அவர். மாறி நடந்தால் இன்னும் பயங்கரம்: 100 புட்டியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். சர்க்கரை சரசரவென இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

அன்றிலிருந்து "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலே வராது. புட்டியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிடச் சொல்வேன். கலங்கலான இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிறார்களா என்று பார்ப்பேன். அப்புறம், "திடீர்னு வேர்த்து, கை நடுங்கினா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பேன். "இன்னொரு ஊசி போட்டுக்குவேன்" என்று சொன்னவர்கள் உண்டு. வேர்ப்பதும் நடுங்குவதும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை, 15 நிமிடம் கழித்தும் நடுக்கம் குறையாவிட்டால் மறுபடி சர்க்கரை, விழுங்க முடியாமல் மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரி. இதை வீட்டில் கூட இருப்பவரையும் திருப்பிச் சொல்லவைப்பேன்.

மாத்திரைக்கும் இதேதான். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து உயிரே போகலாம். "வாரம் ஒரு தடவை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். "அடுத்தது எந்தக் கிழமை?" என்று கேளுங்கள். கிழமையைச் சொன்னதும் பேனாவைக் கொடுத்து, அட்டைப்பெட்டியில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.